குழந்தைகளின் தட்டைப் பாதமும் ஆஸ்டியோபதிச் சிகிச்சையும்

நெசவாளருக்கும் உழவருக்கும் கைகள் எவ்வளவு இன்றியமையாதனவோ, கால்களும் அவ்வளவு இன்றியமையாதன. குழித்தறியில் அமர்ந்து நாள் முழுதும் மிதிகட்டையை மாறி மாறி மிதிப்பது பாதமே. சேற்றில் இறங்கி நாற்று நடுவதும், தலைச்சுமையோடு வரப்பின்மேல் நடப்பதும் பாதத்தின் வலிமையினாலேயே நடைபெறுகின்றன. ஆகவே, தம் குழந்தையின் உள்ளங்கால் குழிவின்றித் தரையோடு தரையாகப் படிவதைக் காணும் பெற்றோர், ‘பிற்காலத்தில் இப்பிள்ளை உழைத்துப் பிழைக்க இயலுமா?’ என்று கவலை கொள்வது இயல்பேயாகும்.

அக்கவலையைத் தீர்ப்பதற்கென்று பல வழிகள் சொல்லப்படுகின்றன. விசேஷக் காலணி அணிவிக்க வேண்டும் என்பர் சிலர். காலணிக்குள் வைக்கும் தாங்கிகளை ஆண்டுதோறும் மாற்ற வேண்டும் என்பர் வேறு சிலர். ஆஸ்டியோபதி என்னும் கைமுறைச் சிகிச்சையை வாரந்தோறும் செய்துகொண்டால் வளைவு உண்டாகிவிடும் என்போரும் உளர். தணிக்கைக்குச் செல்லும் ஊர்களில், குழந்தையின் காலுக்கென்று நகைக்கடன் கேட்டு வந்த உறுப்பினர்களை நான் கண்டிருக்கிறேன். கடன் வாங்குவது தவறன்று. எதற்காக வாங்குகிறோம் என்பதை அறிந்து வாங்குதல் வேண்டும். நான் மருத்துவன் அல்லேன். மருத்துவ அறிஞர்கள் ஆராய்ந்து வெளியிட்டுள்ள முடிவுகளை, நம் உறுப்பினர்கள் விளங்கிக்கொள்ளும் வகையில் தொகுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாதத்தின் அமைப்பு

மனிதப் பாதம் ஒன்றில் 26 எலும்புகள் உள்ளன. அவை 33 மூட்டுகளில் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கின்றன. குதிகாலிலிருந்து பெருவிரலின் அடிவரை உட்புறமாக அமைந்துள்ள வளைவையே நாம் உள்ளங்கால் குழிவு என்கிறோம். இவ்வளைவு, கல்லாற் கட்டிய பாலத்தின் வளைவைப் போன்று அசையாமல் நிற்பதன்று. எலும்புகளைப் பிணைக்கும் நார்களும், உள்ளங்காலின் அடியில் இழுத்துக் கட்டிய பட்டை போன்ற உறுதியான திசுவும், கெண்டைக்காலிலிருந்து இறங்கிவரும் தசைநாண்களும் ஒன்று சேர்ந்து அதனைத் தாங்குகின்றன. காலை ஊன்றும்போது வளைவு சற்றே தாழ்ந்து உடலின் பாரத்தை ஏற்கிறது. காலை எடுக்கும்போது மீண்டும் உயர்ந்து உடலை முன்னே உந்துகிறது. எனவே, வளைவு எவ்வளவு உயரம் என்பதைக் காட்டிலும், அது நன்றாக இயங்குகிறதா என்பதே முக்கியமானது.

குழந்தையின் பாதம், பெரியவர் பாதத்தின் சிறிய பிரதியன்று. பிறந்த குழந்தையின் பாத எலும்புகளிற் பல இன்னும் குருத்தாகவே இருக்கின்றன. வளைவின் உச்சியில் அமையும் படகெலும்பு, பல குழந்தைகளுக்கு மூன்று வயதளவிலேதான் எலும்பாக இறுகத் தொடங்குகிறது. உள்ளங்காலில் கொழுப்பு மெத்தை ஒன்று நிறைந்திருக்கிறது. பிணைக்கும் நார்களோ தளர்ந்தவை. ஆகையால், நடக்கத் தொடங்கும் குழந்தையின் பாதம் தட்டையாகத் தோன்றுவதே இயற்கை. கோகுலாஷ்டமியன்று மாக்கரைசலில் கைமுஷ்டியைத் தோய்த்துப் பதிக்கும் கண்ணனின் காலடியில் ஒரு பக்கம் குழிந்திருக்கும். ஒரு வயதுக் குழந்தையின் ஈரக்காலைத் தரையிற் பதித்துப் பார்த்தால் அக்குழிவு காணப்படாது; குதி முதல் விரல்வரை ஏறக்குறைய ஒரே அகலமாகப் படிந்திருக்கும். அது கோலத்திற்கும் குழந்தைக்கும் உள்ள வேறுபாடேயன்றிக் குழந்தையிடம் உள்ள குறையன்று.

வளைவு எப்போது உண்டாகிறது?

ஆஸ்திரியா நாட்டில் மூன்று முதல் ஆறு வயதுவரையுள்ள 835 குழந்தைகளைச் சோதித்து, 2006-ஆம் ஆண்டில் ஆய்வொன்று வெளியிடப்பட்டது. மூன்று வயதினரில் நூற்றுக்கு 54 பேருக்குப் பாதம் தட்டையாக இருந்தது. ஆறு வயதினரிடையே அத்தொகை 24-ஆகக் குறைந்திருந்தது. உண்மையில் நோயெனக் கருதத்தக்க தட்டைப் பாதம், சோதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குங்கூட இல்லை. ஆயினும் அக்குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் காலணிக்குள் தாங்கி வைத்திருந்தனர்! தேவைக்கும் செலவுக்கும் உள்ள இவ்வேறுபாடு சிந்திக்கத்தக்கது.

அமெரிக்காவில் ஒரு வயது முதல் எண்பது வயதுவரையுள்ளோரின் 882 பாதங்களை அளந்து 1987-இல் வெளியிடப்பட்ட ஆய்வும் இதனையே உறுதி செய்தது. கைக்குழந்தைகளுக்குத் தட்டைப் பாதம் வழக்கமானது, சிறுவர்களிடையே சாதாரணமானது, வளர்ந்தவர்களிற் சிலருக்கு அவ்வாறே நிலைத்துவிடினும் அதுவும் இயல்பின் எல்லைக்குள் அடங்குவதே. பெரும்பாலான குழந்தைகளுக்கு முதற் பத்தாண்டுகளுக்குள் வளைவு தானே உருவாகிவிடுகிறது.

இளகிய பாதமும் இறுகிய பாதமும்

தட்டைப் பாதம் இருவகைப்படும். பாரம் ஏறும்போது மட்டும் தட்டையாகி, பாரம் நீங்கியதும் வளைவு திரும்புவது இளகிய தட்டைப் பாதம். எந்நிலையிலும் வளைவு தோன்றாது விறைத்திருப்பது இறுகிய தட்டைப் பாதம். முன்னது மிகப் பெரும்பான்மை. பின்னது மிக அரிது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய வீட்டிலேயே மூன்று சோதனைகளைச் செய்து பார்க்கலாம்.

முதலாவது: குழந்தையைத் திண்ணையில் அமர்த்திக் கால்களைத் தொங்கவிடச் செய்க. வளைவு தெரிகின்றதா என்று பார்க்க.

இரண்டாவது: குழந்தையை நுனிக்காலில் எழும்பி நிற்கச் செய்து பின்புறமிருந்து நோக்குக. வளைவு உயர்ந்து, வெளிப்புறம் சாய்ந்திருந்த குதிகால் உட்புறமாகத் திரும்புமாயின் பாதம் இளகியதே.

மூன்றாவது: குழந்தை தரையில் நிற்கும்போது அதன் பெருவிரலை மட்டும் மெல்ல மேலே தூக்குக. உள்ளங்காற் பட்டை இழுபட்டு வளைவு எழும்.

இம்மூன்றிலும் வளைவு தோன்றி, குழந்தை வலியின்றி ஓடியாடித் திரியுமாயின் அச்சங்கொள்ளக் காரணமில்லை. ஈரக்காலடி மட்டும் பார்த்து முடிவு செய்வது போதாது. அது பாரம் ஏறிய நிலையை மட்டுமே காட்டும்.

ஆஸ்டியோபதி என்பது யாது?

ஆஸ்டியோபதி அமெரிக்காவில் தோன்றிய முறையாகும். 1828-ஆம் ஆண்டு வர்ஜீனியாவில் பிறந்த ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் அதனைத் தோற்றுவித்தார். அவர் தம் காலத்து வைத்தியம் பயின்றவர். 1864-இல் மூளையுறைக் காய்ச்சலால் அவருடைய மக்கள் மூவர் இறந்தனர். அக்கால மருந்துகள் அவர்களைக் காக்கவில்லை. மருந்துகளில் நம்பிக்கை இழந்த அவர், உடலின் எலும்பு, தசை, மூட்டு ஆகியவற்றின் அமைப்பைச் சீர்செய்தால் உடல் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் என்னும் கொள்கையை 1874-இல் வெளியிட்டார். 1892-இல் மிசௌரி மாநிலத்துக் கர்க்ஸ்வில் நகரில் அதற்கென ஒரு கல்லூரியையும் நிறுவினார்.

இன்று அப்பெயர் எல்லா நாடுகளிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. அமெரிக்காவில் ஆஸ்டியோபதிப் பட்டம் பெற்றவர்கள் மருந்து கொடுக்கவும் அறுவைச் சிகிச்சை செய்யவும் உரிமை பெற்ற முழு மருத்துவர்கள். பிரிட்டனில் அவர்கள் பெரும்பாலும் கைமுறைச் சிகிச்சையாளர்களே. 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்துகொண்டு தொழில் நடத்துகின்றனர். எனவே, ஒருவர் பலகையில் இப்பெயரைக் கண்டவுடன், அவர் எங்கே, எத்தனை ஆண்டு, என்ன பயின்றார் என்று கேட்டறிதல் நம் கடமை.

தட்டைப் பாதமுள்ள குழந்தைக்கு இம்முறையினர் செய்வன யாவை? பாதத்தை மட்டும் பாராமல் கணுக்கால், முழங்கால், இடுப்பு, முதுகு ஆகியவற்றையும் கையாற் சோதிக்கின்றனர். இறுகிய கெண்டைத் தசையை மெல்ல நீட்டுகின்றனர். பாத மூட்டுகளை அசைத்து இளக்குகின்றனர். நுனிக்காலில் நடத்தல், கால்விரல்களால் துணியைப் பற்றித் தூக்குதல் முதலிய பயிற்சிகளையும் சொல்லித் தருகின்றனர். குழந்தையை முழுமையாக நோக்குவதும், பெற்றோர் சொல்வதைப் பொறுமையோடு கேட்பதும் பாராட்டற்குரியனவே. கெண்டைத் தசையும் குதிநாணும் இறுகியுள்ள குழந்தைக்கு அவற்றை நீட்டும் பயிற்சி பயனளிப்பதுண்டு. அதனைப் பிசியோதெரபி பயின்றவர்களும் கற்றுத்தருவர். கற்றபின் தாயே வீட்டில் நாள்தோறும் செய்விக்கலாம்.

வரவு எவர் கணக்கில்?

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். இச்சிகிச்சையால் வளைவு உண்டாகுமா?

மூன்று வயதில் ஒரு குழந்தையைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்கிறோம் எனக் கொள்வோம். மூன்றாண்டுகள் தவறாது சென்று வருகிறோம். ஆறு வயதில் வளைவு தோன்றிவிடுகிறது. சிகிச்சையாளர் மகிழ்கிறார், நாமும் நன்றி கூறுகிறோம். ஆனால், சிகிச்சையே செய்துகொள்ளாத பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் அதே ஆறு வயதில் வளைவு தோன்றியிருக்கிறது. அப்படியாயின் இந்த வரவை எவர் கணக்கில் வைப்பது? சங்கத்தின் பேரேட்டில் ஓர் உறுப்பினர் செலுத்திய தொகையை மற்றோர் உறுப்பினரின் கணக்கில் வரவு வைத்தால் தணிக்கையாளர் ஏற்றுக்கொள்வாரா? இயற்கை செலுத்திய தொகையைச் சிகிச்சையின் பெயரில் எழுதுவதும் அத்தகைய பிழையேயாகும்.

இப்பிழை நேராவண்ணம் கணக்குப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. குழந்தைகளைப் பிரிவுகளாக வகுத்து, ஒரு பிரிவுக்குச் சிகிச்சை அளித்து, மற்றொரு பிரிவை அப்படியே விட்டுவைத்து, இறுதியில் இரண்டையும் ஒப்பிடுவதே அம்முறை. அமெரிக்காவின் டல்லஸ் நகரத்து மருத்துவமனையில், காலணிகளையும் தாங்கிகளையும் பற்றி இவ்வாறு நடத்திய ஆய்வு 1989-இல் வெளிவந்தது. இளகிய தட்டைப் பாதமுள்ள, ஒன்று முதல் ஆறு வயதுவரையுள்ள குழந்தைகள் நான்கு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு எச்சிகிச்சையும் இல்லை. ஏனையோருக்கு முறையே திருத்தக் காலணி, குதிகாற் கிண்ணம், அச்செடுத்துச் செய்த தாங்கி ஆகியன தரப்பட்டன. மூன்றாண்டுகள் கழித்து, இறுதிவரை தொடர்ந்த 98 குழந்தைகளைக் கதிர்ப்படம் எடுத்துப் பார்த்தபோது, நான்கு பிரிவினருக்கும் பாதம் சீரடைந்திருந்தது. ஒன்றும் செய்யப்படாதவர்களுக்கும், எல்லாம் செய்யப்பட்டவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

தாங்கிகளைப் பற்றிய 16 ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்து 2022-இல் காக்ரேன் நிறுவனம் வெளியிட்ட மதிப்புரையும், அவற்றால் விளையும் நன்மைக்கு உறுதியான சான்று இல்லையென்றே கூறியது. குழந்தைகளின் பலவகை நோய்களுக்கு ஆஸ்டியோபதி பயன்படுகிறதா என்று 17 ஆய்வுகளை நோக்கி 2013-இல் வெளிவந்த மதிப்புரை, அதன் பயன் இன்னும் நிறுவப்படவில்லை என முடித்தது. கைமுறைச் சிகிச்சை குழந்தையின் பாதத்தில் நிலையான வளைவை உண்டாக்கும் என்பதற்கு இத்தகைய ஒப்பீட்டுச் சான்று கிடையாது. பிடித்துவிடுவதால் அயர்ந்த கால் சற்று ஆறுதல் பெறலாம். ஆறுதல் வேறு, வளைவு வேறு.

பணத்தோடு இச்செலவு முடிவதுமில்லை. சிறுவயதில் திருத்தக் காலணி அணிந்து வளர்ந்தோரை ஆராய்ந்து 1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, அவர்களிடம் தன்மதிப்புக் குறைந்திருந்ததைக் கண்டது. குறையில்லாத பிள்ளையைக் குறையுள்ளவன் என்று பத்தாண்டுகள் சொல்லி வளர்த்தால் வேறென்ன விளையும்?

வெறுங்காலின் சிறப்பு

நம் நாட்டு ஆய்வு ஒன்று உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. கர்நாடகத்து மணிப்பாலைச் சேர்ந்த டாக்டர் பெஞ்சமின் ஜோசப்பும் டாக்டர் ராவும், நான்கு முதல் பதின்மூன்று வயதுவரையுள்ள 2,300 குழந்தைகளின் காலடிகளைப் பதித்து ஆராய்ந்து 1992-இல் முடிவுகளை வெளியிட்டனர். காலணி அணிந்து வந்த குழந்தைகளில் நூற்றுக்கு 8.6 பேருக்கும், அணியாதவர்களில் 2.8 பேருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. விரல்களை மூடும் ‘ஷூ’ அணிந்தோரிடம் அது மிகுதி. செருப்பு அணிந்தோரிடம் குறைவு. வெறுங்காலுடன் திரிந்தோரிடம் மிகக் குறைவு. வளர்ந்தோர் 1,846 பேரைச் சோதித்து 1995-இல் வெளியான தொடராய்வில், ஆறு வயதுக்கு முன்பே காலணி அணியத் தொடங்கியவர்களில் 3.24 விழுக்காட்டினருக்கும், பதினாறு வயதுக்குப் பின் தொடங்கியவர்களில் 1.75 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம் காணப்பட்டது. உடற்பருமன் மிக்கோரிடமும் அது அதிகம்.

இதனால் குழந்தைகளுக்குச் செருப்பே வேண்டாம் என்பது பொருளன்று. முள்ளும் கண்ணாடித் துண்டும் கிடக்கும் இடத்திலும், கொக்கிப்புழு பரவும் அசுத்த மண்ணிலும், சுடும் தார்ச்சாலையிலும் செருப்பு அவசியமே. வீட்டினுள்ளும், தூய்மையான முற்றத்திலும், மணலிலும், புல்தரையிலும் குழந்தை வெறுங்காலுடன் ஓடட்டும். இதற்குக் காசு செலவில்லை. காலணி வாங்கும்போது விரல்கள் விரியத்தக்க அகலமும், எளிதில் வளையும் அடிப்பாகமும் உள்ளதை வாங்குக.

காலந்தாழ்த்தக் கூடாத நிலைகள்

‘தானே சரியாகும்’ என்று எல்லாக் குழந்தைகளையும் விட்டுவிடுதலும் தவறு. பின்வருவனவற்றில் ஏதேனும் காணப்படின் எலும்பு மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்:

1. பாதத்திலோ காலிலோ வலி. நடக்கவும் விளையாடவும் மறுத்தல்.

2. நுனிக்காலில் நின்றாலும் வளைவு தோன்றாமை, பாதம் விறைத்திருத்தல்.

3. ஒரு பாதம் மட்டும் தட்டையாயிருத்தல்.

4. முன்னர் இருந்த வளைவு மறைதல். தட்டை நிலை ஆண்டுக்கு ஆண்டு மிகுதல்.

5. குதிகால் தரையிற் படியாதவாறு குதிநாண் இறுகியிருத்தல்.

6. அடிக்கடி கணுக்கால் பிசகுதல், கால்களில் வலுக்குறைவு.

7. பிறந்தபோதே உள்ளங்கால் குவிந்து, படகின் அடிபோல் வெளியே வளைந்திருத்தல்.

சில குழந்தைகளுக்குப் பாத எலும்புகள் இரண்டு பிறவியிலேயே இணைந்திருக்கும். இணைப்பு குருத்தாக இருக்கும் வரை தொல்லை இராது. எட்டு வயதுக்கும் பதினாறு வயதுக்கும் இடையே அது எலும்பாக இறுகும்போது வலியும் விறைப்பும் தோன்றும். இதனைக் கையால் பிடித்துச் சரிசெய்ய இயலாது. கதிர்ப்படம் எடுத்துக் கண்டறிந்து, தேவையாயின் அறுவைச் சிகிச்சை செய்தல் வேண்டும். இத்தகைய குழந்தையை மாதக்கணக்கில் கைமுறைச் சிகிச்சைக்கு அழைத்துச் சென்று காலம் கழிப்பதே உண்மையான நஷ்டம். அதுபோலவே, பாதத்தின் பொருட்டுக் குழந்தையின் கழுத்தையோ முதுகெலும்பையோ விசையுடன் திருப்ப எவருக்கும் இடம் தரலாகாது.

சோதனைக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. 2013-இல் தொடங்கப்பெற்ற தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து குழந்தைகளைச் சோதிக்கின்றனர். ஐயமுள்ள பெற்றோர் அன்றைய தினம் உடனிருந்து காலையும் காட்டிக் கேட்பது நலம்.

படையிற் சேர இயலுமா?

‘தட்டைக்கால் இருந்தால் பட்டாளத்தில் எடுக்கமாட்டார்களே!’ என்பது பெற்றோரின் மற்றொரு கவலை. சில படைப்பிரிவுகளின் ஆள்சேர்ப்பு விதிகளில் தட்டைப் பாதம் கூடாது என்று கண்டிருப்பது மெய்யே. ஆனால், தேசியப் பாதுகாப்புக் கழகத் தேர்வு அறிவிப்புகளில் வெளியிடப்பட்டுள்ள மருத்துவ விதிகள், நுனிக்காலில் நின்றால் வளைவு தோன்றி, வலியின்றி நுனிக்காலில் ஓடவும் குதிக்கவும் இயலுமாயின் ஏற்றுக்கொள்ளலாம் என்றும், விறைத்த பாதமே தள்ளத்தக்கது என்றும் வேறுபடுத்தியுள்ளன. கனடா நாட்டில் 3,600-க்கும் மேற்பட்ட படைவீரர்களைச் சோதித்து 1947-இல் வெளியிடப்பட்ட புகழ்பெற்ற ஆய்வும், இளகிய தட்டைப் பாதம் வீரனின் உழைப்புக்குத் தடையன்று என்று காட்டியது. விறைத்த பாதமும் குதிநாண் இறுகிய பாதமுமே தொல்லை தந்தன. விண்ணப்பிக்கும் இளைஞர், தாம் சேரவிரும்பும் பிரிவின் அவ்வாண்டு விதியைப் படித்தறிதல் வேண்டும்.

உறுப்பினர்கள் செய்யத்தக்கது

சுருங்கக் கூறின், இளகியதும் வலியற்றதுமான பாதம் நோயன்று. அதற்குச் சிகிச்சை வேண்டியதில்லை. ஆண்டுக்கொரு முறை மேற்கூறிய சோதனைகளைச் செய்து பார்த்து வந்தால் போதும். வலியுள்ள அல்லது விறைத்த பாதம் மருத்துவரின் கவனத்திற்குரியது. அங்கே தயக்கமும் கூடாது, தாமதமும் கூடாது. முன்னதற்காகக் கம்மலை அடகு வைத்தவர், பின்னதன் தேவை வந்தபோது கையில் ஒன்றுமின்றித் தவிக்க நேரும். பிள்ளையின் காலுக்காகக் கடன் வேண்டி வரும் உறுப்பினரிடம், அரசு மருத்துவமனை எலும்பு மருத்துவர் சோதித்தாரா என்று நிர்வாகக் குழுவினர் பரிவோடு ஒரு வார்த்தை கேட்பாராயின், பல குடும்பங்களுக்கு வீண்செலவு தவிரும். உண்மையில் துன்புறும் ஓரிரு குழந்தைகளுக்கு உரிய காலத்தில் உதவி கிட்டும். இதுவும் கூட்டுறவுப் பணியேயாகும்.